மூச்சுக்குத் துணை

யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய் வழியாகப் பருத்தித்துறை நோக்கிச் செல்வோர் நீர்வேலியையும் சிறுப்பிட்டியையும் கடந்து புத்தூரை அடைவர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. அதன் அயலிலே, நவக்கிரியில், நிலாவரை என்னும் பெயர்பெற்ற கிணறு உண்டு. தன் சேனையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய ஊற்று அது என்பது செவிவழி வந்த கதை. கதை எவ்வாறாயினும், அக்கிணறு கற்பிக்கும் உண்மை ஒன்றுண்டு. அதன் மேற்பரப்பில் நிற்பது நன்னீர். ஆழத்தில் இருப்பது உவர்நீர். சுண்ணக் கல்லின் இடுக்குகளிலே மழைநீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவறிந்து இறைத்தால் நன்னீர் வற்றாது. ஆசைமிகுந்து ஒரேயடியாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். வலிகாமத்துத் தோட்டக்காரர் இதனைத் தம் பயிரின் வாட்டத்திலிருந்தே அறிந்துகொண்டனர்.

மனித உடலின் மூச்சும் இவ்வாறே அளவையும் மென்மையையும் வேண்டி நிற்பது. மூச்சுத் தளர்ந்த நோயாளிக்கு உதவி செய்ய முற்பட்ட மருத்துவ உலகம், எவ்வளவு வலிமையோடு உதவுவது, எப்போது கைவைப்பது, எப்போது கையை விலக்கிக்கொள்வது என்னும் வினாக்களுக்கு விடை காண நூற்றாண்டுகள் பலவற்றைச் செலவிட்டது. தொண்டையைத் துளையாமலும், மூச்சுக்குழாயினுள்ளே வேறொரு குழாயைச் செலுத்தாமலும், வெளியே நின்றவாறே மூச்சுக்குத் துணைசெய்யும் முறைகள் இன்று பல உள. அவை தோன்றியும் மறைந்தும் மீண்டும் தோன்றியும் வந்த வரலாறு அறியத்தக்கது.

மூச்சு என்பது இரு தொழில்களை உடையது. காற்றிலுள்ள ஒட்சிசனை இரத்தத்திற் சேர்ப்பது ஒன்று. உடலில் உண்டாகும் காபனீரொட்சைட்டை வெளியேற்றுவது மற்றொன்று. கொல்லன் துருத்தியை விரிக்கும்போது காற்று உட்புகுவதுபோல, நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையிலுள்ள பிரிமென்றகடு தாழ்ந்து விலாவென்புகள் உயரும்போது நெஞ்சு விரிகின்றது. காற்று உள்ளே செல்கின்றது. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்களைத் தொட்டுக்கொண்டு இரத்தம் ஓடுகின்றது. காற்றறைகள் நீரால் நிறைந்தாலோ சுருங்கி ஒட்டிக்கொண்டாலோ ஒட்சிசன் சேர்வது குறையும். துருத்தியே தளர்ந்துவிட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறாது தேங்கும். முன்னது காற்றறையின் குறை. பின்னது துருத்தியின் குறை. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் இழந்த உயிர்கள் பல.

உதவி செய்ய முற்பட்டோர் முதலிற் கையில் எடுத்ததும் துருத்தியையே. 1543ஆம் ஆண்டில் உடற்கூற்று அறிஞர் வெசாலியசு தம் பெருநூலில், ஒரு விலங்கின் மூச்சுக்குழாயில் நாணற் குழலைப் பொருத்தி ஊதினால் அதன் உயிர் தரித்து நிற்கும் எனக் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆம்சுரடாமிலும் இலண்டனிலும் நீரில் மூழ்கியோரைக் காப்பதற்கெனச் சங்கங்கள் எழுந்தன. இலண்டன் சங்கம் தோன்றியது 1774இல். மூழ்கியவரின் மூக்கில் அல்லது வாயிலே துருத்தி வைத்து ஊதும் வழக்கம் அக்காலத்திற் பரவியது. ஆயின் 1820களின் இறுதியிலே, மிகுந்த விசையுடன் ஊதிய காற்று நுரையீரலைக் கிழித்துவிடும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லெருவா விலங்குகளில் ஆராய்ந்து காட்டினார். துருத்தி கைவிடப்பட்டது. அளவு மீறி இறைத்த கிணற்றில் உப்பேறியது போன்ற நிகழ்ச்சி இது. குற்றம் துருத்தியில் இல்லை. அதன் விசையை அளக்கும் வழி அன்று இல்லை.

உள்ளே ஊதுதல் தீங்கானால் வெளியே இருந்து இழுத்தல் ஆகாதோ என்னும் எண்ணம் அடுத்துத் தோன்றியது. கழுத்துவரை உடலை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியிலுள்ள காற்றை வெளியே இழுத்தால் நெஞ்சு தானே விரியும். மூக்கின் வழியாக வெளிக்காற்று தானே உட்புகும். 1830களில் இசுக்கொத்துலாந்து வைத்தியர் டால்சியல் இத்தகைய பெட்டி ஒன்றை அமைத்தார். 1876இல் பாரிசு நகரத்து வைத்தியர் உவாயே கையால் இயக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல், 1881இல் தம் பச்சிளங் குழந்தை மூச்சுவிட இயலாது இறந்தபின், நெஞ்சைச் சுற்றி அணியும் ஓர் உலோகக் கவசத்தை உருவாக்கினார். துயரத்தில் பிறந்த அக்கருவி அன்று எவராலும் பெரிதாகப் பயன்படுத்தப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நோய் மேனாடுகளிற் கோடைதோறும் எழுந்தது. கால்களை முடக்கிய அந்நோய் சிலரிடத்தில் மூச்சுத் தசைகளையும் முடக்கியது. நுரையீரல் நன்றாக இருந்தும் அதனை இயக்கும் துருத்தி நின்றுபோன குழந்தைகள், அறிவு தெளிந்த நிலையிலேயே மூச்சடங்கி மாண்டனர். 1928இல் ஹாவர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிரிங்கரும் லூயி சோவும் மின்விசையால் இயங்கும் இரும்புப் பெட்டி ஒன்றை அமைத்தனர். அதன் காற்றை இழுப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியவை வீட்டில் தூசி உறிஞ்சும் இரு பொறிகள். அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் பொசுரன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நினைவிழந்த நிலையில், அதனுள் வைக்கப்பட்டாள். சில நிமிடங்களுக்குள் அவளுக்கு நினைவு மீண்டது. சில நாட்களின்பின் நியூமோனியாக் காய்ச்சலால் அச்சிறுமி இறந்தாளெனினும், நின்ற மூச்சை மனிதன் ஆக்கிய பொறி நடத்த முடியும் என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது. அப்பெட்டிக்கு மக்கள் இட்ட பெயர் இரும்பு நுரையீரல்.

இரும்புப் பெட்டியின் விலை பெரிது. ஆகவே 1937இல் அவுத்திரேலியாவின் அடிலெயிடு நகரைச் சேர்ந்த எட்வேட் போத் என்பவர் ஒட்டுப்பலகையால் அதே வகைப் பெட்டியை எளிதிற் செய்தார். இங்கிலாந்தின் மோட்டார் வண்டி உற்பத்தியாளர் நபீல்டுப் பிரபு அதனைக் கண்டு, தம் தொழிற்சாலையிலேயே அப்பெட்டிகளைச் செய்வித்துப் பிரித்தானியப் பேரரசின் வைத்தியசாலைகளுக்கு இலவசமாக வழங்க முன்வந்தார். செல்வரின் கொடையும் தச்சரின் எளிமையும் சேர்ந்தால் ஒரு மருத்துவக் கருவி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு அது சான்று.

1952ஆம் ஆண்டுக் கோடையிலே டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனைப் போலியோ கடுமையாகத் தாக்கியது. அங்கு பிளெக்டாம் வைத்தியசாலையில் இருந்தவை ஒரேயொரு பெரிய பெட்டியும் நெஞ்சுக்கவசப் பொறிகள் ஆறுமே. முதல் மூன்று வாரங்களில் மூச்சும் விழுங்கலும் தடைப்பட்ட நோயாளிகள் 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கமருந்து வைத்தியரான பியோண் இப்சன் அழைக்கப்பட்டார். நோயாளிகளுக்கு ஒட்சிசன் கொடுக்கப்பட்டமையால் அவர்கள் உடல் நீலம் பாரிக்கவில்லை. அதனால் மூச்சுப் போதியதென எண்ணப்பட்டது. இப்சனோ அவர்கள் காபனீரொட்சைட்டுத் தேங்கி இறக்கின்றனர் என்பதைக் கண்டுகொண்டார். ஆகத்து மாத இறுதியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழாயிற் குழாய் செருகி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி ஊதி அவளைக் காத்தார். பின்னர், ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகே அமர்ந்து பைகளை அமுக்கினர். இறப்பு விரைந்து குறைந்தது. நோயாளி ஒவ்வொருவர் அருகிலும் விழித்திருக்கும் ஒரு மனிதரை வைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்புக்கு அதுவே வித்து.

அன்றுமுதல் குழாய் வழி ஊதும் முறையே தலைமை பெற்றது. பெட்டிகள் மெல்ல மறைந்தன. இலங்கையில் 1962ஆம் ஆண்டிற் போலியோவுக்கு எதிரான வாய்வழித் தடுப்பு மருந்து வழங்கத் தொடங்கப்பட்டது. 1993இன் பின் இந்நாட்டில் அந்நோய் எவரையும் பற்றவில்லை. பெட்டியை வேண்டவைத்த நோயே அகன்றது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் மூச்சு முட்டும் நோயாளர் அகன்றிலர். நோய்களின் பெயர்களே மாறின.

குழாய் உயிரைக் காப்பது உண்மை. அதற்கு விலையும் உண்டு. குழாய் செருகப்பட்டவர் பேச முடியாது, உண்ண முடியாது, பெரும்பாலும் மயக்கமருந்தின் பிடியில் கிடக்க வேண்டும். குழாயின் வழியே கிருமிகள் இறங்கிப் புதிய நியூமோனியாவை உண்டாக்கும். நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்குக் குழாயை மீண்டும் எடுப்பதே பெரும்பாடாகும். எனவே குழாய்க்கு முன்னர் ஒரு படி வேண்டும் என்னும் தேவை எழுந்தது. அந்தப் படிக்குரிய வழி 1930களிலேயே காணப்பட்டு மறக்கப்பட்டிருந்தது.

இலண்டன் கைசு வைத்தியசாலையைச் சேர்ந்த போல்ற்றன் என்பவர் 1936இல், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களின் முகத்தில் இறுக்கமான முகமூடியை அணிவித்து, சிறிது அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தினார். அவர் பயன்படுத்திய ஊதியும் தூசி உறிஞ்சும் பொறியே. இங்கே அது காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளியது. அக்காலத்திலேயே அமெரிக்காவில் அல்வன் பராக் என்பவரும் இவ்வழியில் உழைத்தார். ஓயாத சிற்றமுக்கம் காற்றறைகளைச் சுருங்கவிடாமல் விரித்து வைக்கும். கோத்த நீரைப் பின்னே தள்ளும். பெட்டியின் புகழும் பின்னர்க் குழாயின் புகழும் இதனை மறைத்தன.

மீண்டும் அதனை நினைவூட்டியவை குறைமாதக் குழந்தைகள். 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பிறந்து இரண்டு நாட்களுக்குள் நுரையீரல் விரியாது இறந்தான். உலகின் வல்லமை மிக்க நாட்டின் தலைவரும் தம் குழந்தையின் மூச்சைக் காக்க இயலவில்லை. 1971இல் சான் பிரான்சிசுகோவில் யோர்ச்சு கிரெகரியும் அவர் குழுவினரும், அதே நோயுற்ற 20 குழந்தைகளின் காற்றறைகளைத் தொடர்ந்த சிற்றமுக்கத்தால் விரித்து வைத்தனர். 16 குழந்தைகள் பிழைத்தன. 1981இல் சிட்னி நகரில் கொலின் சலிவன், உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோயாளருக்கு மூக்கு முகமூடியின் வழியே அதே அமுக்கத்தைக் கொடுத்தார். அவர் முதலிற் கையாண்டதும் தூசி உறிஞ்சும் பொறியின் மோட்டாரே. 1928, 1936, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், மூன்று கண்டங்களில், வீட்டு மூலையில் கிடந்த ஒரு பொறி உயிர் காக்க வந்தது நினைவிற் கொள்ளத்தக்கது. இம்முறையை வைத்தியர் ‘சீபாப்’ என்பர். தொடரமுக்கம் எனத் தமிழிற் கூறலாம்.

தொடரமுக்கம் காற்றறையின் குறையைத் தீர்க்கும். துருத்தியின் குறைக்கு அது மட்டும் போதாது. யாழ்ப்பாணச் சுருட்டைப் பல்லாண்டு புகைத்தவரும், விறகடுப்பின் புகையில் நாள்தோறும் நின்ற தாய்மாரும் முதுமையில் இழுப்பும் இருமலும் உற்று மூச்சுக்குப் போராடுவதைக் காணாத ஊர் இல்லை. அவர்களின் மூச்சு வழிகள் ஒடுங்கிவிட, உட்சென்ற காற்று வெளியேறாது தங்குகின்றது. மூச்சுத் தசைகள் களைத்துப் போகின்றன. ஒரு சளிக் காய்ச்சல் வந்ததும் காபனீரொட்சைட்டு ஏறி, நோயாளி அயர்ந்து நினைவிழக்கிறார். இத்தகையோருக்கு ஒட்சிசனை மிகையாகக் கொடுத்தலும் தீதாகும். 1960இல் காம்பெல் என்பவர் அளந்த விகிதத்தில் மட்டுமே ஒட்சிசன் செல்லும் முகமூடியை வகுத்தார். 2010இல் தாஸ்மானியாவில் நடந்த ஆய்வு, இந்நோயாளருக்கு அளவறிந்து ஒட்சிசன் கொடுத்தபோது இறப்பு வெகுவாகக் குறைந்ததை உறுதிசெய்தது. இவர்களின் இரத்தத்தில் ஒட்சிசன் நிறைவு நூற்றுக்கு 88 முதல் 92 வரை நிற்பதே பொதுவாகப் போதியது என இன்று கொள்ளப்படுகின்றது.

இத்தகையோருக்கென அமைந்தது ஈரமுக்க முறை. மூச்சை உள்ளிழுக்கும்போது மிகுதியான அமுக்கமும், வெளிவிடும்போது குறைந்த அமுக்கமும் முகமூடிவழி தரப்படும். களைத்த தசைகளின் சுமையில் ஒரு பங்கைப் பொறி ஏற்கின்றது. ‘பைபாப்’ என்னும் பெயரும் இதற்கு வழங்குகின்றது. பிரெஞ்சு வைத்தியர் புரோசாரும் அவர் தோழரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 85 நோயாளர் இடம்பெற்றனர். வழக்கமான சிகிச்சை பெற்ற 42 பேரில் 31 பேருக்குக் குழாய் தேவைப்பட்டது. 12 பேர் இறந்தனர். முகமூடி பெற்ற 43 பேரில் 11 பேருக்கே குழாய் தேவைப்பட்டது, இறந்தோர் நால்வர். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 14 வைத்தியசாலைகளில் 236 நோயாளரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது. அங்கு முகமூடியை நடத்தியவர்கள் சாதாரண விடுதிகளின் தாதியர். அவ்வாறிருந்தும் இறப்பு நூற்றுக்கு 20இலிருந்து 10ஆகக் குறைந்தது. பேரூரின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியேயும், பயிற்சி பெற்ற தாதியர் கையிலே, இவ்வுதவி பயன்தரும் என்பது தெளிவாயிற்று.

வேறொரு வழியும் பின்னர் வந்தது. ஈரமும் வெப்பமும் ஊட்டிய ஒட்சிசனை நிமிடத்துக்கு 60 இலீற்றர்வரை மூக்குக் குழல்களின் வழியே பாய்ச்சுவது அது. முகமூடியின் இறுக்கம் இதில் இல்லை. நோயாளி பேசலாம், நீர் அருந்தலாம். 2015இல் பிரான்சிலும் பெல்சியத்திலும் 310 நோயாளரிடம் செய்த ஆய்வில், ஒட்சிசன் மட்டும் குறைந்தவர்களுக்கு இப்பெரும்பாய்ச்சல் முறை குழாயின் தேவையைத் திட்டமாகக் குறைத்ததாகக் காணப்படவில்லை. ஆயினும் தொண்ணூறு நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு இம்முறை பெற்றவர்களிடமே குறைவாயிருந்தது. அதே வேளை, இது ஒட்சிசனைப் பெருவாரியாக விழுங்குவது. ஏழாயிரம் இலீற்றர் கொண்ட பெரிய உருளை ஒன்று, அம்முழு வேகத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். 2021இல் கொரோனாத் தொற்று இலங்கையிற் கடுமையாகியபோது, ஆகத்து மாதத்தில் இந்தியக் கடற்படைக் கப்பலொன்று விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மூச்சுக்கு உதவும் பொறியை வாங்கினால் மட்டும் போதாது. அதற்குரிய ஒட்சிசனுக்கும் வழிதேட வேண்டும் என்பதை நாடு அன்று உணர்ந்தது. அத்தொற்றின்போது இங்கிலாந்தில் நடத்திய பேராய்வு, தொடரமுக்கம் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேரும், சாதாரண ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களில் 44 பேரும் குழாய் பெறவோ இறக்கவோ நேர்ந்தது எனக் காட்டியது.

இனி, முகமூடி எங்கே பயன்படாது என்பதையும் கூறுதல் கடன். நினைவிழந்தவருக்கும், ஓயாது வாந்தி எடுப்பவருக்கும், தொண்டையில் எச்சிலை விழுங்க இயலாதவருக்கும் அது ஆகாது. நாகம், விரியன் முதலிய பாம்புகளின் நஞ்சால் தசைகள் முடங்கியோருக்குக் குழாயே வேண்டும். தோட்டங்களுக்குத் தெளிக்கும் பொசுபரசுப் பூச்சிநாசினிகளை உட்கொண்டவர்கள், முதற் கண்டம் தப்பியபின், ஒரு நாள் முதல் நான்கு நாட்களுள் திடீரெனக் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளர்ந்து மூச்சடங்குவதை உலகுக்கு முதன்முதல் விளக்கியவர் இலங்கை வைத்தியர்களான சேனநாயக்காவும் கரல்லியத்தவும். அவர்களின் கட்டுரை 1987இல் வெளிவந்தது. ‘தேறிவிட்டார்’ என எண்ணி வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படும் நோயாளிக்கே அவ்விடர் நேரும் என்பதைத் தோட்டக்காரர் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. முகமூடி பயன் தராத இடத்தில் அதனையே நம்பிக் காலந்தாழ்த்துவது, குழாயை மறுப்பதற்கு ஒப்பான தீங்காகும். ஓரிரு மணி நேரத்தில் மூச்சின் வேகம் தணியவில்லையெனில் வைத்தியர் அடுத்த படிக்குச் செல்லவேண்டும்.

செல்வம் குறைந்த நாடுகளுக்கு ஏற்ற வழியும் உண்டு. வங்காளதேசத்து வைத்தியர் சிசுத்தி, டாக்கா நகரில், நியூமோனியாவால் வாடிய சிறுகுழந்தைகளுக்கு மூக்குக் குழல்வழி ஒட்சிசன் கொடுத்து, வெளிவரும் மூச்சின் குழாய் நுனியை நீர் நிறைந்த ஒரு போத்தலில் அமிழ்த்தி வைத்தார். போத்தலோ தலைமுழுகும் சம்பு அடைத்து வந்த வெறும் போத்தல். குழாய் நுனி ஐந்து சதமமீற்றர் ஆழத்தில் இருந்தால், குழந்தையின் காற்றறைகளிலும் ஐந்து சதமமீற்றர் நீரின் அமுக்கம் நிற்கும். நீரின் ஆழமே அமுக்கத்தின் அளவுகோல். குமிழி எழும்வரை பொறி ஒழுங்காக நடக்கின்றது எனத் தாதியும் தாயும் கண்ணாற் காணலாம். 2015இல் வெளிவந்த அவ்வாய்வில், குறைந்த வேகத்தில் ஒட்சிசன் மட்டும் பெற்ற 67 குழந்தைகளில் 10 குழந்தைகளும், குமிழி முறை பெற்ற 79 குழந்தைகளில் 3 குழந்தைகளும் இறந்தன.

ஆயின் இதன் மறுபுறமும் உண்டு. ஆபிரிக்காவின் மலாவி நாட்டு மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் 644 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், குமிழி முறை பெற்ற குழந்தைகளே மிகுதியாக இறந்தனர். டாக்காவில் வைத்தியர்கள் அருகிலேயே இருந்தனர். மலாவியில் நாள்தோறும் வைத்தியரின் மேற்பார்வை கிட்டவில்லை. ஒரே தத்துவத்தில் அமைந்த கருவி ஓரிடத்தில் உயிரைக் காத்தது; மற்றோரிடத்திற் காக்கவில்லை. கொப்பன்ஹேகனின் மாணவர்கள் கற்பித்த பாடத்தையே மலாவி மறுபுறமாகக் கற்பித்தது. அருகில் அமர்ந்து பார்க்கும் மனிதர் இன்றிக் கருவி மட்டும் மூச்சைத் தாங்காது.

அந்த மனிதர் என்ன செய்யவேண்டும்? மூச்சை எண்ண வேண்டும். முகமூடியின் விளிம்பிற் காற்று கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். மூக்குத் தண்டில் தோல் புண்ணாகாமல் காக்க வேண்டும். இவை யாவற்றினும் முதன்மையானது, பேச வேண்டும். குழாய் செருகப்பட்ட நோயாளி மயங்கிக் கிடக்கிறார். அவருடைய இணக்கம் இன்றியே பொறி நடக்கும். முகமூடி அணிந்தவரோ விழித்திருக்கிறார். மூச்சு முட்டி அஞ்சும் ஒருவரின் முகத்தை இறுக மூடுவது அவருக்குக் கழுத்தை நெரிப்பது போலத் தோன்றும். அவர் அதனைப் பிடுங்கி எறிவது இயல்பு. ‘இது உங்களை மூச்சடைக்க வைப்பதன்று, நீங்கள் இழுக்கும் மூச்சோடு சேர்ந்து தள்ளுவது, பொறிக்கு எதிராகப் போராடாமல் அதனோடு சேர்ந்து இழுத்துப் பாருங்கள், ஐயா’ என்று ஒருவர் கையைப் பிடித்து, அவருக்கு விளங்கும் மொழியிற் சொல்லி, முதலில் முகமூடியை வாரால் கட்டாமல் கையாற் பிடித்துப் பழக்கினால், பலர் இணங்குவர். மூச்சு உதவி முறைகளுள் நோயாளியின் சம்மதத்தை முழுதும் நம்பி நிற்பது இதுவே. ஆதலால் மொழியையும் நம்பி நிற்பது இதுவே.

இவ்விடத்திலே யாழ்ப்பாணம் தன் பழைய வரலாறொன்றை நினைத்துப் பார்க்கலாம். புத்தூருக்குச் சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் 1848ஆம் ஆண்டு அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிசுக் கிறீன் தம் பணியைத் தொடங்கினார். அவர் 1822இல் அமெரிக்காவின் உவூசுற்றர் நகரிற் பிறந்தவர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவங் கற்பித்த அவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மக்களிடையே வாழ்ந்து பணிபுரிய வேண்டிய வைத்தியர் மக்கள் மொழியிற் பயிலவேண்டும் என்பது அவர் கொள்கை. உடற்கூற்றியல், இரணவைத்தியம், மகப்பேறு, இரசாயனம் ஆகிய துறைகளில் அவரும் அவர் மாணவரும் தமிழ் நூல்களை ஆக்கினர். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனவும், தால்தனின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ எனவும் தமிழில் வந்தன. 1873இல் நாடு திரும்பிய கிறீன் 1884இல் இறந்தார். அவர் ஆக்கிய சொற்களுட் சில இன்று வழக்கிழந்தன. அவர் எழுப்பிய வினா வழக்கிழக்கவில்லை. நோயாளிக்கு அவர் நோயை அவர் மொழியில் யார் சொல்வது?

இரும்புப் பெட்டியின் காலத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை. பெட்டிக்குள் வைக்கப்பட்டவரின் நெஞ்சைப் பெட்டியே அசைத்தது. குழாயின் காலத்திலும் அதற்கு இடம் குறைவு. முகமூடியின் காலத்தில் அது சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டது. அமுக்கத்தின் அளவைப் பொறியில் எவரும் திருப்பி வைக்கலாம். அச்சத்தின் அளவைக் குறைப்பதற்கு உரிய சொல், நோயாளி பிறந்த மண்ணின் சொல்லாக இருத்தல் வேண்டும்.

புத்தூரில் மெதடித்த சபையார் நிறுவிய புனித லூக்கா வைத்தியசாலை உண்டு. யாழ்ப்பாண நகரிலே, 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் தோன்றிய வைத்தியசாலை இன்று போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கின்றது. 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் வைத்தியரை ஆண்டுதோறும் உருவாக்குகின்றது. பெரிய வைத்தியசாலையில் பொறிகள் இருக்கும். ஆயின் மூச்சு முட்டும் நோயாளி முதலிற் சென்று சேர்வது பெரும்பாலும் ஊர் வைத்தியசாலையையே. நிமிடத்துக்கு முப்பது தடவை மூச்சு வாங்குவதையும், பேசும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நின்று இளைப்பதையும், வழமைக்கு மாறான அயர்வையும் அங்கே ஒருவர் கண்டு கணித்தால், உதவி உரிய நேரத்திற் கிட்டும். நோயாளி முற்றாகக் களைத்தபின் கொண்டுவரும் முகமூடி பயன்படாது.

நானூற்றெழுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் நாணற் குழலிலிருந்து முகமூடிவரை வந்த இந்நெடும் பயணம், விசையைக் கூட்டிச் சென்ற பயணமன்று. விசையை அளக்கக் கற்ற பயணம். துருத்தி அளவின்றி ஊதிக் கெடுத்தது. பெட்டி உடலைச் சிறைப்படுத்திக் காத்தது. குழாய் பேச்சைப் பறித்து உயிரைத் தந்தது. முகமூடியோ நோயாளியின் சொந்த மூச்சுக்குத் தோள்கொடுத்து, அவர் நாவையும் நினைவையும் அவரிடமே விட்டுவைக்கின்றது. ஆகவே அதனை அணிவிப்பவர் இரண்டைக் கைக்கொள்ள வேண்டும்: அளவறிந்து கொடுக்கும் கருவியறிவு ஒன்று, அருகிருந்து பேசும் பொறுமை மற்றொன்று. கருவியைக் கப்பலிற் கொண்டுவரலாம். பொறுமையை ஊரிலேதான் பயிலவேண்டும்.